எட்டாவது ரீல்

பூவராகவன் படம் பார்க்க மாட்டார், கங்கம்மாவைப் பார்ப்பார்.

கும்மிடிப்பூண்டியில் பதினோரு வருடமாகக் குத்தகைக்குத் தியேட்டர் நடத்துகிறவர் ஒரு படத்தையும் உருப்படியாக உட்கார்ந்து பார்த்ததில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். உள்ளூரில் எல்லோருக்கும் காரணம் தெரியும். எந்தப் படத்தைக் கொண்டுவந்து போடலாம் என்று முடிவு செய்ய அவர் பத்திரிகை விமர்சனம் படிப்பதில்லை. விநியோகஸ்தர்கள் பேச்சையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கங்கம்மாவை அழைத்துப்போய்ப் படத்துக்கு முன்னால் உட்கார வைப்பார். தான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து அவள் பக்கமாகத் திரும்பிக்கொள்வார். திரையில் என்ன நடந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

கங்கம்மா அந்தத் தியேட்டரில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிப்பவள். ஆட்டம் முடிந்ததும் உள்ளே பெருக்குபவளும் அவள்தான். படம் என்பது அவளுக்குக் கண்ணால் மட்டும் பார்க்கிற சமாசாரமில்லை. கதாநாயகிக்கு ஒரு கஷ்டம் வந்தால் முந்தானை கண்ணுக்குப் போகும். பேய்ப் படம் என்றால் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொள்வாள். சாமி படத்தில் செருப்பைக் கழற்றிவிடுவாள். சண்டைப் படத்தில் வில்லனை வாய்விட்டுத் திட்டுவாள். எவ்வளவு அசிங்கமாகத் திட்டுகிறாளோ அவ்வளவு நாள் படம் ஓடும். பிடிக்காத படமாக இருந்தால் மட்டும் இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை உருவி முடிச்சை அவிழ்ப்பாள். அவிழ்த்துவிட்டால் அவ்வளவுதான். சென்னையில் நூறு நாள் ஓடிய படமாக இருந்தாலும் பூவராகவன் தொட மாட்டார்.

அவருடைய சட்டைப்பை டைரியில் படங்களின் பெயருக்கு எதிரே இப்படித்தான் எழுதியிருக்கும்: 'இரண்டு முந்தானை, ஒரு வாரம்.' 'காலைத் தூக்கினாள், பத்து நாள்.' 'பை அவிழ்ந்தது.' மூன்று முந்தானைப் படம் வருடத்துக்கு ஒன்று வந்தால் பெரிது.

"புதுப் படமா, பழைய படமா, அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்குய்யா?" என்பார் ஆபரேட்டர் ஜெயராஜிடம். "கங்கம்மாவுக்கு இன்னா ஆச்சு? அத மட்டும் சொல்லு."

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், ஆவணி மாதத்தில் கங்கம்மாவுக்கு ஒன்று ஆனது.

அவள் புருஷன் தணிகாசலம் சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் உலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர். இரவு ஷிஃப்ட் முடிந்து, விடிந்ததும் கேன்டீனில் டீ வாங்கியிருக்கிறார். வாங்கிய டீயைக் குடிக்கவில்லை. பெஞ்சில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். கங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் எடுத்தார்கள்.

அந்தப் பத்து மணி நேரமும் கங்கம்மா அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. யாரோ கட்டிப்பிடித்து அழுதபோதும் தலையைச் சாய்த்து, மறைக்கிறவளின் தோளுக்குமேல் அவரைப் பார்த்தாள்.

தணிகாசலத்தின் தங்கை எல்லம்மா எதிர்வீட்டுக்காரி. மார்பில் அடித்து அழுததில் அவளுக்குக் குரலே போய்விட்டிருந்தது. பாடையைத் தூக்கும் சமயத்தில் அவள் குனிந்து கங்கம்மாவின் காதில் சொன்னாள்: "அண்ணி, ஊரே பாக்குது. அழுவாட்டி போ, முந்தானையாச்சும் கண்ணுல வெச்சுக்கோ."

கங்கம்மா வைத்துக்கொள்ளவில்லை.

காரியம் முடிந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த முதல் நாளே எல்லம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். "சினிமால எவனோ செத்தா மூக்க சிந்தி சிந்தி அழுவியே. எங்கண்ணன் செத்ததுக்கு ஒரு சொட்டு வரல. அவுரு இன்னா உனுக்குப் புடிக்காத படமா?"

குழாயடியில் யாரும் சிரிக்கவில்லை. கங்கம்மா தன் குடம் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கோபம் வரவில்லை. எல்லம்மா சொன்னதில் என்ன தப்பு என்றுகூட ஒரு தரம் யோசித்துப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

புரட்டாசியில் அவள் வேலைக்குத் திரும்பியபோது பூவராகவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். துக்கம் விசாரித்த கையோடு தன் துக்கத்தையும் சொன்னார். கேபிள் டி.வி.யும் சி.டி. கடையும் கூட்டத்தைக் கொண்டுபோய்விட்டன. சென்னையில் இருக்கும் கட்டட முதலாளியிடம் ஒரு கம்பி கம்பெனிக்காரன் தியேட்டரைக் குடோனாகக் கேட்கிறான்; டேப்பு வைத்து ஒரு தரம் அளந்துகொண்டும் போய்விட்டான். தீபாவளிக்குப் போடுகிற படம் இரண்டு வாரம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் கார்த்திகையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"இந்த ஒரு படம் தப்பாயிடக் கூடாது கங்கம்மா. உன்னத்தான் நம்பிக்கினு கீறேன்."

"சரி மொதலாளி."

தியேட்டர் போய்விட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும். காலையிலிருந்து இருட்டும்வரை எல்லம்மா வீட்டு வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு போக்கிடம் இல்லை.

முதலில் திருவள்ளூர். அங்கே ஒரு புதுப் படம் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. குடும்பப் படம். சென்னைக்காரர்கள் ரசனை வேறு, திருவள்ளூர்ப் பெண்கள் அழுதால்தான் கும்மிடிப்பூண்டிப் பெண்களும் அழுவார்கள் என்பது பூவராகவனின் கட்சி. பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் அவளை ஏற்றி, வழியில் நாஷ்டா வாங்கிக் கொடுத்து, மேட்னிக்கு அழைத்துப்போனார்.

அப்பா செத்துப்போகிற கட்டம் வந்தது. நாலு மகள்களும் நாலு திசையிலிருந்து ஓடிவந்து விழுந்தார்கள். தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். டிக்கெட் கொடுத்த ஆசாமிகூடக் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்தார். பூவராகவன் டைரியைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்துக்கொண்டார்.

கங்கம்மா மகள்களைப் பார்க்கவில்லை. செத்துக் கிடந்தவரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயிறு ஏறியது. கொஞ்சம் பொறுத்து இறங்கியது. மேலே போட்டிருந்த மாலையில் ஒரு சாமந்திப்பூ மட்டும் கூடவே ஏறி இறங்கியது. கேமரா வேறு பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது. மறுபடியும் ஏறியது.

இத்தனை வருடம் எத்தனையோ சாவுக்கு அழுதிருக்கிறாள். ஒருத்தர் வயிற்றையும் அவள் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அன்று முதலில் அவள் கண் போனது தணிகாசலத்தின் வயிற்றுக்குத்தான். ஷிஃப்ட் முடிந்து தூங்குகிற மனிதரைப் பகலெல்லாம் பார்த்துப் பழகிய கண். தூங்கும்போது அவர் வயிறு நன்றாக ஏறி இறங்கும்; அதை வைத்துத்தான் எழுப்பலாமா, இன்னும் தூங்கட்டுமா என்று முடிவு செய்வாள். அன்றைக்கும் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு தரம் அசைந்த மாதிரி இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போர்வையைச் சரி செய்தாள். அசைந்ததா, இல்லையா என்று கங்கம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூக்குகிறவரை பார்த்தாள். இடையில் அழுதிருந்தால் கண் மறைத்திருக்கும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

திரும்பி வருகிற பஸ் பெரியபாளையம் தாண்டியதும் பூவராகவன் மெல்லக் கேட்டார். "படம் எப்டி?"

"நல்ல படம்தான் மொதலாளி. எல்லாரும் அழுதாங்க."

"நீ அழுவலியே."

"இல்ல."

"பையையும் அவுக்கல."

"இல்ல."

"இத நான் இன்னான்னு எழுதறது?"

கங்கம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "ஒண்ணும் எழுதாதீங்க" என்றாள்.

அடுத்த புதன்கிழமை சென்னையிலிருந்து ரீல் பெட்டிகள் வந்தன. மூன்று வருடத்துக்கு முந்தின பேய்ப் படம் ஒன்று. பழைய படம் வைத்திருக்கும் ஏஜென்ட் துணைக்கு இன்னொரு பெட்டியும் அனுப்பியிருந்தார். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தின சண்டைப் படம், இரட்டை வேடம். போட்டுப் பார்த்துவிட்டு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம் என்பது ஏற்பாடு.

காலை எட்டு மணிக்குக் காலித் தியேட்டரில் பேய்ப் படத்தை ஓட்டினார்கள். கிணற்றிலிருந்து கை வந்தது. கண்ணாடியில் முகம் வந்தது. இடைவேளைக்குச் சற்று முன்னால் ஜெயராஜே ஆபரேட்டர் அறையில் 'ஐயோ' என்றது கீழேவரை கேட்டது. கங்கம்மாவின் இரண்டு காலும் தரையிலேயே இருந்தன. கொலையான பெண்ணின் இமை துடித்ததை அவள் பார்த்தாள். கழுத்து நரம்பில் துடிப்பு இருந்ததையும் பார்த்தாள். நல்ல ஆரோக்கியமான பெண் என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கைப் போட்டதும் பூவராகவன் அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அவர் அப்படி உட்காருகிறவரில்லை.

"கங்கம்மா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. திருவள்ளூர்ப் படத்தயே போடலாம்னு பாக்கறேன். வாடக ஜாஸ்தி. தகிரியம் வரல. சும்மானாச்சும் ஒரு தபா முந்தானைய கண்ணுல தொட்டு எடுத்துடேன். என் மனசுக்கு ஒரு தெம்பு."

"நான் தொட்டா நீங்க டைரில எழுதிக்குவீங்க மொதலாளி."

"ஆமா."

"அப்புறம் ஓடலன்னா?"

கங்கம்மா முந்தானையை எடுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். இரண்டாவது தரம் ஒருத்தர் அதை அவளிடம் கேட்கிறார். செய்துவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. கை போகவில்லை, அவ்வளவுதான்.

"இன்னா மொதலாளி, பழசையும் ஓட்டட்டுமா, இல்ல பெட்டியக் கட்டட்டுமா?" மேலே ஆபரேட்டர் அறை ஓட்டை வழியாக ஜெயராஜ் கேட்டான்.

"ஓட்டு. வந்தது வந்துச்சு."

பழைய படத்தின் பிரதி தேய்ந்துபோய், திரையில் மழை பெய்வது போலக் கோடு கோடாக விழுந்தது. அண்ணன் போலீஸ், தம்பி திருடன். இருவரும் ஒரே நடிகர்தான். கங்கம்மா வில்லனைத் திட்டவில்லை. பூவராகவன் டைரியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

எட்டாவது ரீலில் கதைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு சிரிப்புக் கட்டம் வந்தது. மீன் விற்கிற ஒருவனுக்கு, தான் செத்தால் யார் யார் அழுவார்கள் என்று பார்க்க ஆசை. பாயைப் போட்டுப் படுத்து, மூக்கில் பஞ்சை வைத்துக்கொள்கிறான். சொந்தக்காரர்கள் வந்து ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். மச்சினன் அழுதுகொண்டே அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறான். பெண்டாட்டி மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். செத்தவனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "ஊரே அழுவுது, நீ ஏண்டி அழல?" என்று கத்துகிறான்.

"உன் வவுறு ஏறி எறங்கிக்கினு இருந்துச்சே" என்கிறாள் அவள். "அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான் கட்டம். அடுத்து ஜீப் துரத்தல் வந்துவிட்டது.

"ஜெயராஜு" என்றாள் கங்கம்மா. காலித் தியேட்டரில் அவள் குரல் பெரிதாகக் கேட்டது. "அந்த ரீல இன்னொரு தபா போடு."

படம் நின்றது. ஓட்டையில் ஜெயராஜின் முகம் தெரிந்தது. "எந்த ரீலு யக்கா? இப்ப ஓடனதா?"

"அதான்."

"யக்கா, மெஷின் வெளக்குக்குப் போடற கார்பன் குச்சி வேஸ்ட்டாவும்."

"போடுய்யா" என்றார் பூவராகவன். அவர் எழுந்து நின்றிருந்தார். பதினோரு வருடத்தில் அவள் எந்தப் படத்தையும் திருப்பிக் கேட்டதில்லை.

மறுபடி போட்டான். கங்கம்மா ஆணியடித்த மாதிரி உட்கார்ந்து பார்த்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த நடிகையின் பெயர் அவளுக்குத் தெரியாது. எந்தப் படத்திலும் இரண்டு நிமிடத்துக்குமேல் வந்ததில்லை. அவள் பார்க்கிற பார்வை சரியாக இருந்தது. கண் சிமிட்டாமல், சற்றே முன்னால் குனிந்து, கூட்டத்துக்கு நடுவில் தனக்கு மட்டும் ஒரு வேலை இருப்பதைப் போல. மீன்காரனின் வயிறு ஏறியது, இறங்கியது. அவள் பார்த்த வயிறு ஏறியது.

"இன்னொரு தபா" என்றாள் கங்கம்மா.

மூன்றாவது தரமும் ஓடி முடிந்ததும் பூவராகவன் கேட்டார். "ஓடுமா கங்கம்மா?"

"தெரியல மொதலாளி. முன்னெல்லாம் எனக்குத் தெரியும். இப்பத் தெரியல. ஆனா இத நான் நாளைக்கும் பாப்பேன்."

அவர் டைரியை எடுத்தார். வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் 'திருப்பிக் கேட்டாள்' என்று எழுதினார். எதிரே எத்தனை நாள் என்று எழுதும் இடத்தைக் காலியாக விட்டார். பேய்ப் படப் பெட்டியைக் கட்டச் சொன்னார்.

"தீபாவளிக்கு இதுவா?" என்று ஜெயராஜ் தலையில் கை வைத்தான். "மொதலாளி, அந்தக் குடோன்காரன்கிட்ட சாவிய இன்னிக்கே குடுத்துடலாம். போஸ்டர் ஒட்டற செலவாச்சும் மிச்சம்."

தீபாவளியன்று நூறு பேர்கூட வரவில்லை. மறுநாள் ஷிஃப்ட் விட்டு வந்த பீகார் தொழிலாளர்கள் கொஞ்சம் பேர் சண்டைக்கு விசிலடித்தார்கள். சண்டைக்குப் பாஷை வேண்டியதில்லை. மூன்றாம் நாள் கூட்டம் கொஞ்சம் ஏறியது. பெண்கள் வருவது ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குத்தான். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் முக்கால்வாசி நிறைந்தது. டிக்கெட் கிழிக்கிற கைக்கு ஒரு டிக்கெட் நீண்டது, பார்த்தால் எல்லம்மா. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று கங்கம்மா டார்ச்சோடு உள்ளே வந்து கதவோரம் நின்றாள். திரையைப் பார்க்கவில்லை. திரைக்கு முதுகைக் காட்டி, வரிசை வரிசையாகப் பெண்களின் முகங்களைப் பார்த்தாள். இத்தனை வருடம் பூவராகவன் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெளிச்சம் மாற மாற முகங்களும் மாறின. வெற்றிலைப் பைகள் மடியில் முடிச்சோடு கிடந்தன.

எட்டாவது ரீல் வந்தது. ஒப்பாரிக்குச் சிரித்தார்கள். கைக்கடிகாரத்துக்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். பெண்டாட்டி சும்மா உட்கார்ந்திருக்கிற இடத்தில் சிரிப்பு தேய்ந்தது. 'அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்' என்றதும் சிரிப்பில் கூரை அதிர்ந்தது.

எல்லம்மா சிரிக்கவில்லை. அவள் தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள். கங்கம்மா டார்ச்சை அணைத்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் வெளியேறின பிறகும் எல்லம்மா நின்றாள். பிள்ளைகளை முறுக்குக் கடைக்கு அனுப்பிவிட்டு, துடைப்பத்தோடு வந்த கங்கம்மாவின் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணி."

"சொல்லு."

"அன்னிக்கு நீ அண்ணன் வவுத்தயா பாத்துக்கினு இருந்த?"

"ஆமா."

எல்லம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அசைஞ்சுதா?"

"இல்ல" என்றாள் கங்கம்மா.

எல்லம்மா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கங்கம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகில் கை வைத்தாள். கைக்குக் கீழே எல்லம்மாவின் மூச்சு ஏறி இறங்கியது. முடியும்வரை கையை எடுக்கவில்லை.

அப்புறம் பெருக்கி முடித்து, ஆபீஸ் அறைக்குப் போனாள். பூவராகவன் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பையை யாரும் அவுக்கல மொதலாளி. எழுதிக்கோங்க. ஒரு முந்தானை."

அவர் நிமிர்ந்தார். "உன்னுதா?"

"எல்லம்மாளுது."

எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லம்மா தெருவையே திரட்டிக்கொண்டு வந்தாள். படம் பதினாறு நாள் ஓடியது. கம்பி கம்பெனிக்காரன் வேறு இடம் பார்த்துக்கொண்டான். பொங்கலுக்கு என்ன போடலாம் என்று பூவராகவன் யோசிக்க ஆரம்பித்தார்.

திருவள்ளூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கங்கம்மா, உனக்கு இன்னும் அழுவ வரலியா?"

கங்கம்மா மடியில் வெற்றிலைப் பையின் முடிச்சைச் சரி பார்த்துக்கொண்டாள்.

"வந்தா சொல்றேன் மொதலாளி" என்றாள்.